ஒளிபெருக்கி கொடுக்கும் எச்சரிக்கை

பட்டா நகல் வேண்டிக் காலையில் இ-சேவை மையத்திற்கு வந்த விவசாயி ஒருவர், பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு, "லைன் இல்லை" என்ற ஒரே பதிலோடு வீடு திரும்புவது பல ஊர்களில் நாம் காணும் காட்சியாகும். அவருக்கு ஒரு நாள் வேலை கெட்டது. பயிர்க்கடனுக்கோ பயிர்க் காப்பீட்டுக்கோ விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் அதுவாக இருந்துவிட்டால், நஷ்டம் ஒரு நாளோடு நிற்பதில்லை.

"லைன் இல்லை" என்பதற்குக் காரணங்கள் பல. ஊரில் மின்சாரம் நின்றிருக்கலாம். அலுவலகத்துப் பெட்டியின் பாட்டரி ஓய்ந்திருக்கலாம். இவை அந்தந்த ஊரோடு முடிகிற விஷயங்கள். ஆனால் ஒரே சமயத்தில் ஒன்றியம் முழுவதிலும், சில வேளைகளில் மாவட்டம் முழுவதிலும் இணைப்பு மங்கிப்போகுமானால், நெடுந்தொலைவுப் பாதையில் எங்கேனும் ஒரு நிலையத்தில் ஒளிபெருக்கி என்னும் யந்திரம் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருக்கக் கூடும். அந்த எச்சரிக்கையைச் சரிவரப் படித்தால் பழுது சில மணி நேரத்தில் தீரும். தவறாகப் படித்தால், நன்றாயிருந்த யந்திரத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டிய பிறகும், பழுது இருந்த இடத்திலேயே இருக்கும்.

பஞ்சாயத்து அங்கத்தினர் எவரும் ஒளிபெருக்கியைத் திறந்து பார்க்கப் போவதில்லை என்பது உண்மை. எனினும் இதைப்பற்றி அவர்கள் அறிந்திருப்பதில் பிரயோஜனம் உண்டு. "மெஷின் கெட்டுவிட்டது, புதிது வரவேண்டும்" என்று சொல்லப்படும்போது, "வருகின்ற ஒளி எவ்வளவு? கம்பியைப் பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்க அவ்வறிவு உதவும். ஏனெனில் எச்சரிக்கை கொடுக்கும் ஒளிபெருக்கியிடம் குற்றம் இருப்பது குறைவு; அதற்கு வந்து சேரும் கம்பியில் குற்றம் இருப்பதே அதிகம். அக்கம்பியோ நம் வயல் வரப்பின் ஓரமாகவும், நம் ஊர்ச் சாலையின் ஓரமாகவும் செல்கிறது.

கண்ணாடியில் ஓடும் ஒளி

மத்திய அரசு 2011-ம் ஆண்டு அக்டோபரில் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2015-ல் அதற்குப் பாரத்நெட் என்று பெயரிடப்பட்டது. நாடெங்கும் சுமார் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழையால் இணைப்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் 12,525 பஞ்சாயத்துகளையும் இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் என்னும் மாநில அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இக்கம்பியில் மின்சாரம் ஓடுவதில்லை, ஒளியே ஓடுகிறது. தலைமயிரைப்போல் மெலிந்த கண்ணாடி இழையின் நடுவே, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் அதில் ஏறக்குறைய ஒன்பது பங்கு அகலமுள்ள உள்ளீட்டின் வழியே ஒளி செல்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியை அடுக்கிவைத்துப் பார்த்தால் சில அடிகளுக்குள்ளேயே ஒளி மங்கிவிடும். கண்ணாடியில் கலந்துள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை வெகு தூரம் அனுப்பலாம் என்பதைச் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி 1966-ல் எடுத்துக் காட்டினார். அதற்காக 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையார் 1970-ல் அத்தகைய இழையைச் செய்து காட்டினர்.

எவ்வளவு தூய கண்ணாடியானாலும் ஒளி தேய்ந்துகொண்டேதான் செல்லும். அத்தேய்வை டெசிபெல் என்னும் அளவையால் குறிப்பர். இந்த அளவையைக் கண்டு மிரள வேண்டியதில்லை. 3 டெசிபெல் தேய்வு என்றால் ஒளி பாதியாயிற்று என்று பொருள்; 6 என்றால் கால் பங்கு; 10 என்றால் பத்தில் ஒன்று; 20 என்றால் நூறில் ஒன்று. இக்காலத்து இழையில் ஒரு கிலோமீட்டருக்குத் தேய்வு சுமார் 0.2 டெசிபெல். எண்பது கிலோமீட்டர் சென்றால் 16 டெசிபெல். இடையிலுள்ள ஒட்டுகளுக்கும் இணைப்பு முனைகளுக்கும் சேர்த்து 20 என்று வைத்துக்கொள்வது வழக்கம். அஃதாவது, நூறு படி அளந்து அனுப்பினால் ஒரு படிதான் போய்ச் சேருகிறது. மீண்டும் அதை நூறு படியாக்கி அனுப்பவேண்டும். அந்த வேலையைச் செய்வதே ஒளிபெருக்கி.

திருவிழாக் காலத்தில் கோவில் கோபுரத்தில் கட்டும் ஒலிபெருக்கி வேறு, இது வேறு. ஓரெழுத்து வித்தியாசந்தான், ஆனால் அது காதுக்கு, இது கண்ணாடிக் கம்பிக்கு.

ஒரு கிராமத்தின் பெயரால்

ஒளிபெருக்கியின் உள்ளே சுருட்டி வைக்கப்பட்டிருப்பதும் கண்ணாடி இழையே. ஆனால் அதில் எர்பியம் என்ற உலோகம் மிகச் சிறிதளவு கலக்கப்பட்டிருக்கிறது. பம்ப் லேசர் எனப்படும் மற்றொரு ஒளிமூலம் அந்த எர்பியத்திற்குச் சக்தியை ஊட்டுகிறது. களைத்து வரும் ஒளி இச்சுருளுக்குள் நுழைந்ததும், எர்பியம் தன்னிடம் சேர்ந்துள்ள சக்தியை அதே நிறமுள்ள ஒளியாக வெளியிட்டு அதனோடு சேர்த்துவிடுகிறது. மெலிந்து வந்த ஒளி பலத்துடன் வெளியே செல்கிறது. இதற்குமுன், ஒளியை மின்சாரமாக மாற்றி, மறுபடி ஒளியாக்கி அனுப்பவேண்டியிருந்தது. அதுவும் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனி யந்திரம் வேண்டும். எர்பியம் ஒளிபெருக்கியோ ஒரே இழையில் வரும் நாற்பது, எண்பது அலைவரிசைகளையும் ஒருசேரப் பெருக்கிவிடுகிறது. 1987-ல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையிலும் இது செய்து காட்டப்பட்டது.

எர்பியம் என்ற பெயரே ஒரு கிராமத்தின் பெயர் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகரத்திற்கு அருகேயுள்ள தீவொன்றில் இட்டர்பி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கல் சுரங்கத்தில் கிடைத்த ஒரு கருங்கனியத்தை ஆராய்ந்ததில் புதிய தனிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. இட்ரியம், இட்டெர்பியம், டெர்பியம், எர்பியம் என்ற நான்கும் அவ்வூரின் பெயரையே தாங்குகின்றன. 1843-ல் மொசாண்டர் என்ற சுவீடன் ரசாயன அறிஞர் எர்பியத்தைப் பிரித்தறிந்தார்.

இந்த யந்திரங்கள் நம் பஞ்சாயத்து அலுவலகங்களில் இருப்பதில்லை. ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊருக்கு வரும் தூரம் சில கிலோமீட்டர்களே ஆதலால் பெரும்பாலும் அங்கு ஒளிபெருக்கி தேவைப்படுவதில்லை. நகரத்தையும் நகரத்தையும் இணைக்கும் நெடுவழிகளிலேதான் எண்பது, நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாக இவை அமைகின்றன. கடலடியிலும் உண்டு. சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்கு 2020-ம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பியைப் போன்றவற்றில், கடலின் தரையிலேயே ஒளிபெருக்கிகள் கிடக்கின்றன. அங்கே எவரும் போய்த் திறந்து பார்க்க இயலாது. கரையிலிருந்து எண்களைப் படித்தே நோயை அறியவேண்டும். நிலத்து நிலையங்களில் கையெட்டும் தூரத்தில் யந்திரம் இருப்பதால்தான், எண்ணைப் படிக்குமுன் கை நீண்டுவிடுகிறது.

வரவு, பெருக்கம், வெளியீடு

ஒளிபெருக்கி தன்னைப்பற்றித் தானே கணக்கு வைத்துக்கொள்ளும் யந்திரம். உள்ளே வரும் ஒளி எவ்வளவு, எத்தனை மடங்கு பெருக்கப்பட்டது, வெளியே செல்வது எவ்வளவு என்ற மூன்றையும் அது ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. இவற்றுள் எதுவேனும் குறித்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை எழுகிறது. பஞ்சாயத்தின் வரவு செலவுப் புத்தகத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு இதைப் பார்ப்பது கடினமன்று. ஒரு தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதே விதி.

ஓர் உதாரணம் கொள்வோம். அ என்ற நிலையத்திற்கும் ஆ என்ற நிலையத்திற்கும் இடையே எண்பது கிலோமீட்டர். அ-விலிருந்து நாற்பது அலைவரிசைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிவாட் வீதம், மொத்தம் 40 மில்லிவாட் ஒளி புறப்படுகிறது. வழியில் 20 டெசிபெல் தேய்ந்து, ஆ-வுக்கு 0.4 மில்லிவாட் வந்து சேர்கிறது. அங்குள்ள ஒளிபெருக்கி அதை நூறு மடங்காக்கி, மீண்டும் 40 மில்லிவாட்டாக அடுத்த நிலையத்திற்கு அனுப்புகிறது. இது நல்ல நாளைய கணக்கு. (மானியில் கழித்தல் குறியோடு எண் தெரிந்தால் திகைக்க வேண்டாம். ஒரு மில்லிவாட்டுக்குக் குறைந்த ஒளியை டெசிபெலில் எழுதினால் அப்படித்தான் வரும்.)

இப்போது வழியில் ஒரு கம்பத்தில், தொங்கிய கம்பியை யாரோ இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கம்பி அறுபடவில்லை, வளைந்திருக்கிறது. அந்த வளைவில் 6 டெசிபெல் ஒளி கசிந்துபோகிறது. ஆ-வுக்கு வருவது கால் பங்காகி, 0.1 மில்லிவாட்டாகிறது. இனி நடப்பது ஒளிபெருக்கிக்கு என்ன கட்டளை இடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

"எப்போதும் நூறு மடங்கே பெருக்குக" என்பது கட்டளையானால், வெளியீடு 10 மில்லிவாட்டாகக் குறைகிறது. வரவு குறைவு என்று ஓர் எச்சரிக்கை, வெளியீடு குறைவு என்று இன்னோர் எச்சரிக்கை. பெருக்கம் மட்டும் சரியாகவே இருக்கிறது. வெளியீட்டு எச்சரிக்கையை மாத்திரம் பார்த்தவர், "யந்திரம் பலவீனமாகிவிட்டது" என்பார். மூன்றையும் பார்த்தவர், யந்திரம் தன் கடமையைச் செய்கிறது, அதற்குக் கொடுக்கப்பட்டதுதான் குறைந்துவிட்டது என்று அறிவார்.

"வெளியீடு எப்போதும் 40 மில்லிவாட்டாக இருக்கட்டும்" என்பது கட்டளையானால், கதை வேறு. அப்போது நானூறு மடங்கு, அஃதாவது 26 டெசிபெல் பெருக்கவேண்டும். அந்த யந்திரத்தின் சக்தி 23 டெசிபெலோடு, இருநூறு மடங்கோடு, நின்றுவிடுமானால், 20 மில்லிவாட்தான் வெளியே வரும். "பெருக்கம் எல்லையைத் தொட்டது" என்ற எச்சரிக்கை எழும். பெயரிலேயே பெருக்கம் என்று இருப்பதால் இங்கே ஏமாறுவோர் அதிகம். கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டபோது, மோட்டார் சீறுகிறது என்று மோட்டாரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்வதைப் போன்றது இது.

வேறு சிலர், எச்சரிக்கையை அணைப்பதற்காகப் பெருக்கத்தைக் கூட்டி வைத்துவிடுவார்கள். விளக்கு அணையும், பழுது அணையாது. எர்பியம் இழை வந்த ஒளியை மட்டும் பெருக்குவதில்லை. தானாகவும் சிறிது வீண் ஒளியை எழுப்புகிறது. வரவு மெலிந்திருக்கும்போது பெருக்கத்தைக் கூட்டினால், நெல்லோடு பதரும் சேர்ந்து பெருகும். அடுத்தடுத்த நிலையங்கள் அப்பதரையும் பெருக்கும். மொத்த ஒளியை அளக்கும் மானிக்கு நெல்லும் பதரும் ஒன்றே. மரக்கால் நிறைந்திருக்கிறது என்றே அது சொல்லும். கோடியிலுள்ள ஊரிலோ எழுத்துகள் சிதைந்து, பரிமாற்றங்கள் பாதியில் நின்றுபோகும். ஒளி இருக்கிறது, வேலை நடக்கவில்லை என்ற புதிரான புகார் வந்தால், அலைவரிசைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் நிறமாலை மானியைக் கொண்டு நெல்லையும் பதரையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

எத்தனை அலைவரிசைகள்?

வரவு குறைந்த ஒவ்வொரு சமயத்திலும் கம்பியைக் குறை கூறுவதும் சரியல்ல. முன் கண்ட உதாரணத்திலேயே, அ நிலையத்தில் ஏதோ வேலைக்காக இருபது அலைவரிசைகளை நிறுத்திவிட்டார்கள் என்றால், ஆ-வுக்கு 0.2 மில்லிவாட்தான் வரும். மானி 3 டெசிபெல் குறைவைக் காட்டும். கம்பியில் ஒரு குறையும் இல்லை. வண்டியில் ஏறிய மூட்டைகள் பாதி, அவ்வளவே. ஆகவே எண்ணைப் பார்த்தவுடன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "இப்போது எத்தனை அலைவரிசைகள் ஓடுகின்றன?" என்பதாகும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வெளியீட்டை மாறாமல் வைத்திருக்கும் கட்டளையில் உள்ள ஒளிபெருக்கி, எஞ்சிய இருபதுக்கும் நாற்பதின் பங்கைக் கொடுத்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிவாட்டுக்குப் பதில் இரண்டு மில்லிவாட் ஆகும். அளவுக்கு மீறிய ஒளி கண்ணாடிக்குள் ஒன்றையொன்று கலக்கிக் கெடுக்கும். குறைந்த ஒளி மட்டுமே கேடு, மிகுந்த ஒளி நன்மை என்று எண்ணுவது, உரத்தைக் கூடப் போட்டால் விளைச்சல் கூடும் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். பல அலைவரிசைகள் வந்து போகும் பாதைகளில் பெருக்கத்தை மாறாமல் வைத்திருக்கும் கட்டளையே விரும்பப்படுவதற்கு இதுவே காரணம்.

யந்திரமே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. அப்போது அடையாளம் தெளிவாக இருக்கும். வரவு சரியாக இருக்கும், வெளியீடு குறையும், பம்ப் லேசர் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டிருக்கும். கிழ மாடு தீனி அதிகம் தின்று உழவு குறைவாகச் செய்வது போல, வயதான லேசர் அதிகச் சக்தி வாங்கிக் குறைந்த ஒளியைத் தரும். ஆனால் லேசர் முதுமை அடைந்தது என்று முடிவு கட்டுமுன் அறையின் வெப்பத்தைப் பார்ப்பது நன்று. குளிர் சாதனம் நின்றுபோயிருந்தாலும், விசிறியின் வடிகட்டியில் தூசி அடைத்திருந்தாலும், லேசர் சூடேறி இதே குணத்தைக் காட்டும். பத்து நிமிஷத்தில் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்து தீர்க்கக்கூடிய விஷயத்திற்குப் பல லட்சம் ரூபாய் உபகரணத்தை மாற்றுவது பொதுப் பணத்தை விரயம் செய்வதாகும். யந்திரத்தின் உள்மானியே பொய் சொல்லவும் கூடும். ஆதலால் கையில் எடுத்துச் செல்லும் தனி ஒளிமானியால் ஒருமுறை அளந்து, இரண்டு எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்காமல் எந்தப் பலகையையும் கழற்றக்கூடாது.

கம்பி முற்றிலும் அறுந்துவிட்டால் எச்சரிக்கைகள் வெள்ளம்போல் வரும். அறுந்த முனையிலிருந்து வெளிப்படும் ஒளி பணியாளரின் கண்ணைக் கெடுக்காதிருக்க, ஒளிபெருக்கி தன் லேசரைத் தானே அணைத்துக்கொள்ளவோ தணித்துக்கொள்ளவோ செய்கிறது. "பம்ப் லேசர் அணைந்தது" என்ற எச்சரிக்கையைக் கண்டு லேசர் செத்துவிட்டது என்று நினைப்பது இங்கே நேரும் பெரும் பிழை. அது காவல், நோயன்று. மேலும் அறுந்த இடத்திற்கு அப்பாலுள்ள நிலையங்கள் எல்லாமே ஓலமிடும். வாய்க்காலின் தலைப்பில் உடைப்பெடுத்தால் கடைமடைக்காரர் அனைவருமே தண்ணீர் வரவில்லை என்று முறையிடுவார்கள் அல்லவா? அவர்கள் ஒவ்வொருவரின் மடையையும் தோண்டிப் பார்ப்பவர் உண்டா? ஒளி வரும் திசையில் மேலே மேலே சென்று, வரவு குறைந்த முதல் நிலையம் எது என்று கண்டுபிடித்தால், பழுது அதற்கும் அதன் முந்திய நிலையத்திற்கும் இடையில் இருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடித்தல்

எண்பது கிலோமீட்டருக்குள் எந்த இடம் என்பதை அறிய ஓ.டி.டி.ஆர். என்ற கருவி உபயோகிக்கப்படுகிறது. இது கம்பிக்குள் ஒரு சிறு ஒளித்துடிப்பை அனுப்பி, கண்ணாடியிலிருந்து திரும்பிச் சிதறி வரும் மங்கிய ஒளியைக் கேட்டுக்கொண்டிருக்கும். கண்ணாடியில் ஒளி ஒரு கிலோமீட்டர் செல்ல ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு நேரம் ஆகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தைக்கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். ஒளிபெருக்கிக்குள் ஒளி பின்னோக்கிச் செல்லாதபடி தடுப்புகள் இருப்பதால், அதைத் தாண்டி இக்கருவியால் பார்க்க முடியாது. ஒவ்வொரு பகுதியையும் தனியே அளக்கவேண்டும்.

கருவி 31.4 கிலோமீட்டர் என்று சொன்னால், சாலையில் 31.4-வது கிலோமீட்டரில் இறங்கித் தோண்டுவது சரியாகாது. கருவி சொல்வது இழையின் நீளம். ஒட்டுப்பெட்டிகளிலும் கம்பங்களிலும் உபரியாகச் சுருட்டி வைத்த நீளமும் அதில் அடங்கும். ஆகவே உண்மை இடம் சாலைக் கணக்கில் அதற்கு முன்னாலேயே இருக்கும். எந்தக் கம்பத்தில் எவ்வளவு சுருள் இருக்கிறது என்ற குறிப்பு இருந்தால் நேரே போய் நிற்கலாம். இல்லையேல் அரை நாள் நடக்கவேண்டும். அந்த அரை நாளைப் பெரும்பாலும் குறைப்பவர், "நேற்று மாலை அங்கே பொக்லைன் நின்றது" என்று சொல்லும் ஊர்க்காரரே.

பழுது வளைவா, அழுக்கா என்பதையும் இக்கருவியாலேயே பிரித்தறியலாம். இரு வேறு நிற ஒளிகளில், 1310 என்றும் 1550 என்றும் குறிக்கப்படும் அலைநீளங்களில், அளக்கவேண்டும். வளைவில் 1550 அதிகமாகக் கசியும், 1310 குறைவாகவே கசியும். அழுக்குப் படிந்த முனையிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் குறையும். வெயில் நேரத்தில் கூடி இரவில் குறையும் தேய்வும், காற்றடிக்கும்போது மட்டும் தோன்றும் தேய்வும், தளர்ந்த அல்லது விறைத்த கம்பிகளின் அடையாளங்கள்.

அழுக்கைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஒளி செல்லும் உள்ளீடு கண்ணுக்கே தெரியாத அளவுள்ளது. அதே அளவுள்ள ஒரு தூசி அதன் வாயில் அமர்ந்தால் வழியை அடைத்துவிடும். சட்டை நுனியால் துடைப்பதும், வாயால் ஊதுவதும், ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து அப்புவதேயாகும். பஞ்சு பிரியாத தனித் துணியாலும், அதற்கென்றுள்ள சாராயக் கரைசலாலும் துடைத்து, நுண்நோக்கியில் பார்த்து, பிறகே மாட்டவேண்டும். ஒளிபெருக்கியின் வெளியீட்டு முனையில் அழுக்கிருந்தால் பலத்த ஒளியில் அது வெந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு துடைத்தும் போகாது. அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாதது. "வெளிச்சம் வருகிறதா?" என்று முனைக்குள் கண் வைத்துப் பார்ப்பது பார்வையையே பறித்துவிடக்கூடும். ஊரில் கம்பி அறுந்து தொங்கினால் சிறுவர்கள் அந்த முனையோடு விளையாடாதபடி தடுக்கவேண்டும். கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால் எடுப்பதும் கடினம்.

மணியை அடக்குதல்

எச்சரிக்கையின் எல்லையை நிர்ணயிப்பவர் மனிதரே. எல்லை மிக நெருக்கமாக இருந்தால் காரணமின்றி அடிக்கடி மணி அடிக்கும். நாளடைவில் பணியாளர் மணியை அடக்கி வைக்கப் பழகுவார். மிகத் தளர்வாக இருந்தால் இணைப்பு அறுந்த பிறகே மணி அடிக்கும். பாதை திறக்கப்பட்ட அன்று வரவு, பெருக்கம், வெளியீடு, பம்ப் மின்னோட்டம் ஆகியவற்றைத் தேதியோடு குறித்துவைத்து, மாதந்தோறும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. ஏரியின் மதகில் நீர்மட்டக் கல் இல்லாவிட்டால், நீர் குறைந்தது என்று எதைக்கொண்டு சொல்வது? மாதம் அரை டெசிபெல் வீதம் தேய்ந்துகொண்டே வரும் பாதையில், ஒட்டுப்பெட்டி ஒன்றில் நீர் புகுந்திருக்கலாம். பருவ மழைக்கு முன் அதைக் கண்டால் ஒரு நாள் வேலை. ஐப்பசி மழையில் கண்டால் ஒரு வார வேலை. இவ்வெண்களைக் கேட்டுப் பெறுவதற்கு ஒன்றியக் கூட்டம் ஏற்ற இடம் என்பது என் கருத்து. சாலைக்கும் குடிநீருக்கும் கணக்குக் கேட்கிறோம். ஒளிக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

ஊரார் காக்கவேண்டிய கம்பி

தமிழ்நாட்டில் பாரத்நெட் கம்பி பல இடங்களில் மின்கம்பங்களின் மேலேயே செல்கிறது. இதனால் செலவும் காலமும் மிச்சம். ஆனால் கம்பத்தின் கதியே கம்பியின் கதி. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமுற்றன என்பதை அப்பகுதி விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். புயல் தினமும் வருவதில்லை; தினமும் வருபவை வேறு. உயரமாக ஏற்றிய வைக்கோல் பாரம் கம்பியை இழுத்துச் செல்கிறது. தென்னை மட்டை விழுகிறது. கரும்புச் சோகையை வரப்பில் வைத்துக் கொளுத்தும்போது மேலே செல்லும் கம்பியின் உறை இளகுகிறது. அணிலும் எலியும் உறையைக் கடிக்கின்றன. தொங்கும் கம்பி இடைஞ்சல் என்று நல்லெண்ணத்தோடு அதைச் சுருட்டிக் கம்பத்தில் இறுக்கிக் கட்டுபவரும் உண்டு. இழையை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளைத்தால் ஒளி கசியத் தொடங்கும். உறையோடு கூடிய கம்பிக்கு இன்னும் அகன்ற வளைவு வேண்டும். ஆகவே தொங்கும் கம்பியைக் கண்டால் கட்டாமல், வண்டி வராதபடி ஓர் அடையாளம் வைத்து, செய்தி சொல்லி அனுப்புவதே சிறந்தது.

நிலத்தடியில் செல்லும் இடங்களில் பெரிய பகைவன் பொக்லைன் யந்திரம். குடிநீர்க் குழாய்க்கும் வடிகாலுக்கும் பஞ்சாயத்தே பள்ளம் வெட்டுகிறது. ஒரு திட்டத்திற்காகத் தோண்டி மற்றொரு திட்டத்தை அறுப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு. தோண்டுமுன் நிலத்தடிக் கம்பி உரியவர்களுக்குத் தகவல் கொடுப்பதற்காக, "கால் பிஃபோர் யு டிக்" என்ற கைப்பேசிச் செயலியை மத்திய அரசு 2023-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி தொடங்கியது. பள்ளம் வெட்டும் ஒப்பந்தக்காரர் அதில் பதிவு செய்தாரா என்று பார்த்த பிறகே வேலைக்கு உத்தரவு கொடுப்பது என்று பஞ்சாயத்து தீர்மானம் செய்துகொள்ளலாம்.

பழுது நேர்ந்தால், "நெட் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணிக்கு நின்றது, ஒரேயடியாய் நின்றதா அல்லது சில நாட்களாக மெலிந்து வந்ததா, அண்டை ஊர்களிலும் நின்றதா, வழியில் எங்கே தோண்டினார்கள், கம்பம் சாய்ந்திருந்தால் அதன் எண் என்ன என்பவற்றையும் சேர்த்துத் தெரிவிக்கவேண்டும். நிலையத்தில் அமர்ந்து எண்களைப் படிப்பவருக்கு இவை பெருந்துணை. பழுது நீக்கியவர்கள் திரும்பும்போது, வரவு ஒளி பழைய அளவுக்கு வந்துவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இணைப்பு வந்திருந்தும், பழைய கணக்கைவிட ஒரு டெசிபெல் குறைவாகவே இருக்குமானால், கம்பி இன்னும் எங்கோ வளைந்து கிடக்கிறது. அவர்கள் புறப்பட்டுப் போகுமுன்பே அதைத் தேடச் சொல்லலாம்.